வட மாநிலத்தில் போஸ்டிங்: கிளம்பும் முன் கேட்கும் கேள்விகள்

நான் சாத்தூர் பக்கம். 2016-இல் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூருக்கு வந்தேன். அன்றிலிருந்து ஊர்ப்பக்கம் யாருக்காவது 'வடக்கே போஸ்டிங்' என்று ஆர்டர் வந்தால், எப்படியோ என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. தேர்வானவர்கள் கேட்பதைவிட அவர்களுடைய அம்மா அப்பா கேட்பதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். வங்கி, ரயில்வே, தபால் துறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு. நான் சொல்வதில் பெரும்பகுதி மத்திய அரசின் சாதாரண அலுவலகங்களுக்குப் பொருந்தும்.

அக்கா, எத்தனை வருஷத்தில் ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கலாம்?

முதல் கேள்வியே இதுதான். இன்னும் பெட்டியே கட்டியிருக்க மாட்டார்கள், திரும்பி வருவதைக் கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் கோபமில்லை.

உங்கள் ஆர்டரில் 'அகில இந்திய மாற்றலுக்கு உட்பட்டவர்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு 'அப்போ தமிழ்நாட்டுக்கும் வரலாம்தானே' என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்த வரி அவர்களுக்கு உங்களை எங்கும் அனுப்பும் அதிகாரத்தைத் தருகிறது. நீங்கள் கேட்கும் ஊரைத் தரும் கடமையைத் தருவதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது உங்கள் சீனியாரிட்டி பட்டியல் எந்த அளவில் வைக்கப்படுகிறது என்பதைத்தான். சில துறைகளில் அது நாடு முழுவதற்கும் ஒன்று. சிலவற்றில் மண்டலத்துக்கு ஒன்று. மத்திய செயலகப் பணி என்றால் வாழ்க்கை பெரும்பாலும் டெல்லியில்தான். மண்டலப் பட்டியல் உள்ள துறையில் வேறு மண்டலத்துக்குப் போக வேண்டுமென்றால், அங்கே காலியிடம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும், பெரும்பாலும் புது இடத்தில் சீனியாரிட்டியின் அடியில் போய் உட்கார வேண்டும். ரயில்வேயில் சொந்த வேண்டுகோளில் மாறினாலும், தபால் துறையில் விதி 38-இன் கீழ் மாறினாலும் இந்தக் கதைதான். ஐந்து வருஷம் கழித்து வர வேண்டிய பதவி உயர்வு இன்னும் தள்ளிப்போகும். சொந்த வேண்டுகோளில் வரும் மாற்றலுக்குப் பயணப்படியும் கிடையாது.

பரஸ்பர மாற்றல் என்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் இருக்கும் வட மாநிலத்துக்காரர் ஒருவர் உங்கள் இடத்துக்கு வரத் தயாராக இருந்தால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். கணவன், மனைவி இருவரும் அரசு வேலையில் இருந்தால், கூடியவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறையின் 2009-ஆம் ஆண்டு உத்தரவு இருக்கிறது. கூடியவரை என்பதை அழுத்தி வாசியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு வருஷம் புரொபேஷன். அந்த இரண்டு வருஷமும் டிரான்ஸ்ஃபர் பேச்சை எடுக்காமல் இருங்கள். நான் முதல் வருஷம் முழுக்க ஒரு நாற்காலிகூட வாங்காமல் தரையில் பாய் போட்டு இருந்தேன். எப்படியும் போகப்போகிறோம், எதற்கு என்று நினைப்பு. அந்த ஒரு வருஷத்தை வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கிளம்பும் முன் எந்தப் பேப்பரைச் சரி பண்ண வேண்டும்?

முதலில் பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் வடக்கே படும் பாட்டில் பாதி இனிஷியலால் வருவது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. கவிதா' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா முருகன்'. பான் அட்டையில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் இனிஷியலை ஏற்கமாட்டார்கள் என்பதால் அங்கே 'முருகன் கவிதா' என்று ஆகியிருக்கும். நமக்கு இது மூன்றும் ஒரே ஆள். வடக்கே இருக்கும் கிளார்க்குக்கு மூன்று ஆட்கள். 'சர்நேம் என்ன?' என்று கேட்பார்கள். நாம் அப்பா பெயரைச் சொல்வோம். அப்புறம் நம்மை அப்பா பெயரிலேயே கூப்பிடுவார்கள். என்னை இரண்டு மாதம் 'முருகன் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று ஆகி, என் முதல் சம்பளம் திரும்பிப் போய் இரண்டாவது மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது.

அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஊரில் இருக்கும்போதே அதோடு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். இனிஷியலின் விரிவை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் எழுதுங்கள். சேர்ந்த முதல் நாள் படிவங்களிலும் அதே வரிசைதான்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கானது. மத்திய அரசுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் அவர்கள் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு வேண்டும். தேர்வின்போதே கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் நல்ல நகல்களோடு அசலைக் கையில் வைத்திருங்கள். தமிழில் மட்டும் இருக்கும் பழைய சான்றிதழ் ஏதாவது இருந்தால் ஊரிலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கி நோட்டரி பண்ணிக்கொள்ளுங்கள். ஜபல்பூரில் தமிழ் படிக்கத் தெரிந்த நோட்டரியைத் தேடி நான் அலைந்த மாதிரி அலைய வேண்டாம்.

மூன்றாவது, போலீஸ் விசாரணைக்கான படிவம். கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிய எல்லா முகவரியும் கேட்பார்கள். கோச்சிங்குக்காகச் சென்னையில் தங்கிய மேன்ஷனையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் ஏதாவது தகராறில் உங்கள் பெயரில் வழக்குப் பதிவாகியிருந்தால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கால் வேலை போவதைவிட, அதை மறைத்ததால் வேலை போவதுதான் நடக்கிறது.

அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். 'இங்கேயே இருக்கட்டும்' என்று யாராவது சொன்னால் தராதீர்கள்.

ஜாயின் பண்ணத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தள்ளிப்போட முடியுமா?

முடியும். ஆனால் அந்தத் தேதி முடிவதற்குள் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். அவர்கள் 'சரி' என்று எழுத்தில் சொல்லும்வரை அது கிடைத்ததாக எண்ணக் கூடாது. கல்யாணம், உடல்நிலை, தேர்வு முடிவு என்று உண்மையான காரணம் இருந்தால் கேளுங்கள். நல்ல நாள் பார்ப்பதற்காகக் கேட்காதீர்கள். ஒரே பட்டியலில் வந்தவர்களுக்கு நடுவே சில நாள் பிந்துவது சில விஷயங்களில் பிற்பாடு இடிக்கும்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? சம்பளம் எவ்வளவு வரும்?

முதல் நியமனத்துக்குப் பொதுவாகப் பயணப்படி கிடையாது. டிக்கெட், லாட்ஜ், வீட்டு முன்பணம் எல்லாம் உங்கள் கைக்காசு. முதல் சம்பளம் வர ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம். ஓய்வூதியக் கணக்கு எண் உருவாக வேண்டும், மருத்துவத் தகுதிச் சான்று சேர வேண்டும், கணக்குப் பிரிவில் பெயர் ஏற வேண்டும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

சம்பள அடுக்கில் லெவல் 4 என்றால் அடிப்படைச் சம்பளம் 25,500. லெவல் 6-க்கு 35,400, லெவல் 7-க்கு 44,900. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப் படி. வாடகைப்படி ஊரைப் பொறுத்தது. சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் எக்ஸ் வகுப்பு. ஜபல்பூர், போபால், லக்னோ மாதிரி ஊர்கள் ஒய். மற்றவை இசட். அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்ட பிறகு இந்த மூன்றுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. லெவல் 4-இல் ஜபல்பூரில் சேர்பவருக்கு 5,100 ரூபாய் வரும். தனி ஆளுக்கு ஒரு அறையும் சமையலறையும் எடுக்க அது இங்கே ஏறக்குறைய போதும். டெல்லியில் அதே ஆளுக்கு 7,650 வரும், ஆனால் அது அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பிடிக்கப் போதாது. சின்ன ஊர் போஸ்டிங் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பிடித்தத்தில் பெரியது ஓய்வூதியத்துக்கானது. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் நீங்கள், என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு 14 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் அது வேண்டுமென்றால் 30 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு தேடும் அலைச்சலில் அந்த 30 நாள் ஓடிவிடும். ரயிலில் வரும்போதே யோசித்து முடிவெடுத்துவிடுங்கள்.

குவார்ட்டர்ஸ் கிடைக்குமா?

ஊரைப் பொறுத்தது. ரயில்வே, பாதுகாப்புத் தொழிற்சாலை உள்ள ஊர்களில் வாய்ப்பு அதிகம். குவார்ட்டர்ஸ் எடுத்தால் வாடகைப்படி நின்றுவிடும். தனியாக இருக்கும் பெண்களுக்கு என் யோசனை, பழையதாக இருந்தாலும் குவார்ட்டர்ஸ்தான்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

வரும்போது எனக்கும் தெரியாது. நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அலுவலகத்தை முதலில் சொல்கிறேன், பயம் அதில்தான் அதிகம். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள்படி மத்திய அரசு ஊழியர் கோப்பில் குறிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். மொழிபெயர்ப்பையும் அவரே தர வேண்டும் என்று கேட்கக் கூடாது. அந்த விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது, ஆனால் நீங்கள் போகும் மாநிலத்தில் பொருந்தும். அங்கே உங்கள் ஆங்கிலக் குறிப்புக்குப் பாதுகாப்பும் அதுதான். ஆனால் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், டெல்லி எல்லாம் அந்த விதிகளில் இந்தி பேசும் இடங்களுக்கான 'ஏ' பகுதியில் வருபவை. வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தியில்தான் இருக்கும். படிக்கத் தெரியாமல் காலம் தள்ள முடியாது.

இந்தி தெரியாத ஊழியர்களுக்கு அரசே பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று படிகளில் வகுப்பு நடத்துகிறது. அலுவலக நேரத்திலேயே, இலவசமாக. உங்கள் பதவிக்கு விதித்த கடைசித் தேர்வில் தேறினால், ஒரு இன்கிரிமென்ட் அளவுக்குப் பன்னிரண்டு மாதம் கூடுதல் தொகை வரும். லெவல் 4-இன் தொடக்கத்தில் அது மாதம் 800 ரூபாய். நல்ல மதிப்பெண் வாங்கினால் ரொக்கப் பரிசு தனி. சேர்ந்த வாரமே பெயர் கொடுங்கள். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நாமேதான் கேட்க வேண்டும்.

தெருவில் நம்மை அலைக்கழிப்பது இலக்கணத்தைவிட எண்கள்தான். தமிழில் இருபத்தொன்பது என்றால் இருபதும் ஒன்பதும் காதில் விழுகிறது. இந்தியில் 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உன்யாசி. எல்லாம் உன், உன் என்றே ஆரம்பிக்கும். நூறு எண்களையும் தனித்தனியாக மனப்பாடம் பண்ணத்தான் வேண்டும். அப்புறம் அரைக் கணக்குகள். டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை. காய்கறிக்காரர் 'டேட் சௌ' என்றால் நூற்றைம்பது. வீட்டுக்காரர் 'டாயி ஹசார்' என்றபோது இரண்டாயிரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, மாதக் கடைசியில் ஐந்நூறு குறைகிறது என்று அவர் வந்து நின்றது எனக்கு நடந்தது.

இன்னொன்று, நம்மைவிட மூத்தவர்களிடம் 'ஆப்' (நீங்கள்) என்றே பேசுங்கள். ஆண்பால் பெண்பால் வினை தப்பாக வந்தால் சிரிப்பார்கள், ஆனால் அன்பாகவே திருத்துவார்கள். எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது எங்கள் அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அம்மா. அவரிடம் நான் பட்டிருக்கும் கடனை எந்த வகுப்பும் ஈடு செய்யாது.

சாப்பாடு?

அரிசி கிடைக்கும், ஆனால் பச்சரிசி. இட்லி அரிசியும் புழுங்கலரிசியும் பெரிய ஊர்களில் தேடினால் கிடைக்கும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. நான் மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி, கோதுமை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் வைத்து இருபது மணி நேரம் விடுவேன். தேங்காய் எண்ணெய் டிசம்பரில் கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊர்ச் சாப்பாட்டையே பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். காலையில் போஹாவும் (அவல் உப்புமா) ஜிலேபியும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது ஊருக்கு வந்தால் அதைத்தான் தேடுகிறேன். பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில் செய்யும் ஜபல்பூர் ஜிலேபி கறுப்பாக, பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஒன்று சாப்பிட்டால் போதும், வயிறு நிறைந்துவிடும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

இந்தக் கேள்வியை அப்பாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். என் அப்பாவும் யாரிடமோ இப்படித்தான் கேட்டிருப்பார்.

அனுப்புங்கள். கூடவே சில ஏற்பாடு. பகலில் போய்ச் சேரும் ரயிலாகப் பாருங்கள். முதல் ஒரு வாரம் வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும். அந்த வாரத்தில் அறை, வங்கி, பக்கத்து மருத்துவமனை மூன்றையும் பார்த்துவிடலாம். வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதி இருந்தால் முதல் ஆறு மாதம் அங்கே இருக்கட்டும். வீட்டை அவசரத்தில் பிடிக்க வேண்டாம். அலுவலகத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டு சட்டப்படி உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும், அதன் உறுப்பினர்கள் யார் என்று சேர்ந்ததும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தயவுசெய்து ஒன்று செய்யாதீர்கள். தினமும் போன் பண்ணி 'விட்டுட்டு வந்துடும்மா' என்று சொல்லாதீர்கள். முதல் மூன்று மாதம் பிள்ளையின் மனது அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்துக்கொண்டிருக்கும். அறைத் தோழி ஒருத்தி அப்படிக் கிளம்பிப் போனாள். மறுபடி தேர்வு எழுதி வேலை வாங்க அவளுக்கு நான்கு வருஷம் ஆனது.

வருஷத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு வரலாம்?

தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 8 நாள். ஈட்டிய விடுப்பு 30 நாள், ஜனவரியிலும் ஜூலையிலும் பதினைந்து பதினைந்தாக வரவு வைப்பார்கள். விருப்ப விடுமுறை 2. பொங்கல் இங்கே விருப்ப விடுமுறைப் பட்டியலில்தான் இருக்கும். தீபாவளி பல வருஷங்களில் நமக்கு ஒரு நாள், அவர்களுக்கு மறுநாள். அதையும் கணக்கில் வைத்துத்தான் லீவு போட வேண்டும்.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கு நவம்பர் நடுவிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். ஜபல்பூர் வழியாகக் கங்கா காவேரியும் சங்கமித்ராவும் போகின்றன, இரண்டிலும் பீகாருக்குப் போகும் கூட்டம் நிறைந்திருக்கும். டெல்லிக்காரர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி., திருக்குறள் என்று வசதி கொஞ்சம் அதிகம்.

எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷ சர்வீஸ் முடிந்தால் தகுதி வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு வருஷம், நான்கு வருஷத்துக்கு மூன்று முறை சொந்த ஊருக்கும் ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இதற்குச் சொந்த ஊர் எது என்று சேர்ந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். சர்வீஸ் முழுவதிலும் ஒரு முறைதான் அதை மாற்றலாம். படிவத்தில் மாவட்டத் தலைநகரை எழுதிவிடாதீர்கள், உங்கள் ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையம் எது என்று பார்த்து எழுதுங்கள்.

பைக்கைக் கொண்டுவரலாமா?

முதல் வருஷம் வேண்டாம். ரயில் பார்சலில் போடலாம், பெட்ரோலை முழுக்க வடித்து, ஆர்.சி. நகல் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, புது மாநிலத்தில் வரி, தமிழ்நாட்டில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது என்று அலைச்சல். புதிதாக வாங்குவதானால் பி.எச். வரிசை எண் கேளுங்கள். மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு அது கிடைக்கும், மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டாம்.

குழந்தைகள் தமிழ் மறந்துவிடுவார்களே?

கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை, இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தமிழ் கிடைக்காது. டெல்லியில் மட்டும் கதை வேறு. அங்கே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகள் நடத்துகிறது. 1946-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மற்ற ஊர்களில் நாம்தான் பள்ளிக்கூடம். என் மகளுக்கு ஐந்து வயது. இந்தியில் சண்டை போடுவாள், தமிழில் கதை கேட்பாள். தினமும் ராத்திரி அரை மணி நேரம் வைத்திருக்கிறேன், அதை விடுவதில்லை.

பெட்டியில் என்ன கொண்டுவர வேண்டும்?

கம்பளி வேண்டாம். ஊரில் வாங்கும் ஸ்வெட்டர் இங்கே உதவாது. ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையை இங்கே வந்து வாங்குங்கள். குக்கர், தோசைக்கல், இட்லித் தட்டு, சாம்பார்ப் பொடி ஒரு கிலோ. சான்றிதழ் ஜெராக்ஸ் பத்து செட், பாஸ்போர்ட் அளவு போட்டோ முப்பது.

அப்புறம் ஒரு நோட்டு. முதல் நாளிலிருந்து கொடுத்த படிவம், தேதி, யாரிடம் கொடுத்தோம் என்று எழுதிவையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் புக்கைக் கேட்டு வாங்கி, அந்த நோட்டோடு ஒத்துப்பாருங்கள். என் சொந்த ஊர்ப் படிவம் மூன்று வருஷமாக அதில் ஏறவே இல்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.